தரை விரிப்பு ஏன் தூக்குகிறது?



இன்றைய பேச்சு காலுக்குக் கீழே இருக்கும் ஒரு பொருளைப் பற்றியது. தரையில் போடும் பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றியது.

தில்லிக் கடைகளில் இது பெரிய பெரிய உருளையாக நிற்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மரப்பலகை போல ஒன்று. மார்பிள் போல ஒன்று. மொசைக் போல ஒன்று. சிலர் இதைப் பிளாஸ்டிக் கார்ப்பெட் என்பார்கள். சிலர் பி.வி.சி. என்பார்கள். வினைல் என்பதும் இதுதான்.

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்கு இது மிகவும் பிடித்த பொருள். காரணம் இருக்கிறது. ஊரில் சிமெண்டுத் தரை வெயிலுக்குச் சுகம். வெறும் தரையிலேயே படுத்துத் தூங்கலாம். தில்லியில் ஜனவரி மாதம் அதே தரையில் கால் வைக்க முடியாது. பனிக்கட்டி மாதிரி இருக்கும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். மேலும் வாடகை வீட்டில் தரை வெடித்துக் கிடக்கும். வீட்டுக்காரர் செய்து தரமாட்டார். அப்போது ஒரு வினைல் விரிப்பு வாங்கிப் போட்டால் ஒரே நாளில் வீடு புதிதாகிவிடும்.

போட்ட அன்று எல்லாம் அழகுதான். ஒரு மழைக்காலம் போகட்டும். வாசல் பக்கம் ஒரு மூலை லேசாகத் தூக்கும். பிறகு நடுவில் ஒரு கொப்புளம் எழும்பும். மிதித்தால் சளக் என்று சத்தம் கேட்கும். இணைப்பில் வாய் பிளக்கும். அந்த வாயில் மண் போகும், தண்ணீர் போகும், கரப்பான் பூச்சியும் போகும்.

இது அழகு கெடுவதோடு முடிகிற விஷயம் இல்லை. இரவில் பாட்டி எழுந்து கழிவறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குப் போடவில்லை. தூக்கிய மூலையில் கால் விரல் மாட்டுகிறது. வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக் கணக்கில் படுக்கைதான். சிலர் பிறகு பழையபடி நடப்பதே இல்லை. அடுப்படியில் கொதிக்கும் குழம்போடு வருகிறவர் தடுக்கினால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை. கால் அங்குலம் தூக்கிய விரிப்பு இவ்வளவும் செய்யும்.

விரிப்புத் தூக்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். ‘பசை சரியில்லை.’ போட்டுக் கொடுத்த ஆளைத் திட்டுவார்கள். இன்னொரு டப்பா பசை வாங்குவார்கள். மறுபடி ஒட்டுவார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி தூக்கும். பசைக்கும் கூலிக்கும் போன காசுக்கு இன்னொரு விரிப்பே வாங்கியிருக்கலாம்.

பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை. விரிப்பிலும் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் தரையில்தான் இருக்கிறது.

அடியில் என்ன நடக்கிறது?

சிமெண்டுத் தரை கெட்டியாகத் தெரியும். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, அந்தத் துளைகள் மண்ணில் இருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். ஊரில் இதை ஓதம் என்பார்கள். தில்லியில் சீலன் என்பார்கள்.

தரை திறந்து கிடக்கும்போது இந்த ஈரம் யாருக்கும் தெரியாது. வந்த ஈரம் காற்றில் ஆவியாகப் போய்விடும். அதன்மேல் வினைல் விரிப்பைப் போட்டால்? இட்லிப் பானையை மூடியது போல ஆகிவிடும். மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். விரிப்பின் அடியிலும் அப்படித்தான். வினைல் வழியாக ஈரம் மேலே வரமுடியாது. அடியிலேயே தங்கிவிடும்.

ஈரம் வெறும் தண்ணீராக வருவதும் இல்லை. சிமெண்டில் சுண்ணாம்பு போன்ற காரம் இருக்கிறது. அதையும் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு பட்ட விரல் அரிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரம் பசையையும் அரிக்கும். ஒட்டியிருந்த பசை சில மாதத்தில் கொழகொழ என்று ஆகிவிடும். பழைய விரிப்பை உரித்துப் பார்த்தால் ஒரு புளித்த வாடை வரும். பசை விரலில் சோப்பு போல வழுக்கும். அப்படி இருந்தால் ஓதம்தான் திருடன் என்று தெரிந்துகொள்ளலாம். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே அடையாளம்தான்.

தில்லியில் எத்தனையோ வீடுகளில் தெரு உயரமாகவும் வீடு பள்ளமாகவும் இருக்கும். முதலில் அப்படிக் கட்டவில்லை. ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு உயரும். வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியில் மழைத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும். 2024 ஜூன் 28ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தில்லி சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானது. பல இடங்களில் தண்ணீர் தேங்கியது. அதற்கு முந்தின ஆண்டு, 2023 ஜூலை 13ஆம் தேதி, யமுனையில் தண்ணீர் 208.66 மீட்டர் உயரம் வந்தது. 1978 வெள்ளத்தைவிட அது அதிகம். கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. இப்படித் தண்ணீர் புகுந்த வீட்டில் விரிப்பின் மேல்பக்கம் ஒரே நாளில் காய்ந்துவிடும். அடிப்பக்கம் வாரக் கணக்கில் காயாது. அங்கே பூஞ்சை பிடிக்கும். அந்த அறையில் தூங்குகிற குழந்தைக்கு இருமல் வந்தால், விரிப்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா பக்கம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் தமிழ்க் குடும்பங்கள். தகுதி உண்டு என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தொலைவில் நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். நரேலாவில் அரசு கட்டிய வீடுகள் பல, ஆண்டுக் கணக்கில் ஆளில்லாமல் கிடந்தவை. ஆளில்லாத வீட்டில் குழாய் கசிந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். கழுவும் இடத்துச் சுவர் உள்ளுக்குள் ஊறிக் கிடக்கும். இருந்த இடத்தை இழந்து வருகிற குடும்பத்துக்கு, புது வீட்டை அழகாக்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? இருக்கும். ஆனால் முதல் வாரமே விரிப்பை ஒட்டுவது கைக்காசைத் தண்ணீரில் போடுவது.

செலவில்லாத ஒரு சோதனை

தரையில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க இயந்திரம் தேவையில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாள் போதும். கிழியாத பாலிதீன் பையை வெட்டி விரித்தாலும் போதும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, தாளை விரிக்க வேண்டும். நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்ட வேண்டும். ஒரு பகல், ஒரு இரவு அப்படியே விடவேண்டும்.

மறுநாள் பிரித்துப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர்த்துளி நிற்கிறதா? அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்து இருக்கிறதா? இருந்தால் ஓதம் உண்டு. விரிப்பு ஒட்டக் கூடாது. வாசல் பக்கம், குளியலறைச் சுவரோரம், அறையின் நடு என்று மூன்று இடத்தில் பார்ப்பது நல்லது. ஒரே அறையில் ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் ஊறியும் இருக்கும்.

சோதனையை மே மாதத்தில் செய்து ஏமாறக் கூடாது. அப்போது தில்லியில் எல்லாமே காய்ந்துதான் இருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் செய்து பார்த்தால் தரையின் உண்மை தெரியும்.

புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் ஒரு நாள் காயவிட வேண்டும். ஒன்றரை அங்குலப் பூச்சு என்றால் ஏறக்குறைய 40 நாள். மழைக்காலத்தில் அதுவும் போதாது. ‘மேலே காய்ந்துவிட்டது, ஒட்டிவிடலாம்’ என்று கொத்தனார் அவசரப்படுத்துவார். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. தரையைச் சுமக்கப் போகிறவர் வீட்டில் இருப்பவர்தான்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. குளியலறைச் சுவரோரம் மட்டும் ஊறினால் குழாயோ, தரை இணைப்போ கசிகிறது. அதைச் சரிசெய்தால் போதும். தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் வாசற்படியை உயர்த்திக் கட்டலாம். மண்ணிலிருந்தே ஏறினால் அது பெரிய வேலை. தரையை உடைத்து, கனமான பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் புதிதாகக் கான்கிரீட் போடவேண்டும். ஈரத்தைத் தடுக்கும் எபாக்சிப் பூச்சும் உண்டு. அதுவும் விலை அதிகம். வாடகைக்கு இருப்பவர் இதையெல்லாம் செய்யமுடியாது.

அவர்கள் விரிப்பை ஒட்டாமல் சும்மா விரித்துவிடலாம். மாதம் ஒருமுறை ஓரத்தைச் சுருட்டி, மின்விசிறியைப் போட்டு, தரையைக் காயவிடலாம். மிகவும் ஊறுகிற தரையாக இருந்தால் வினைலே வேண்டாம். பாய், ஜமக்காளம், தில்லிக்காரர்கள் சொல்லும் தரி, இவை போதும். காலையில் எடுத்து வெயிலில் போடலாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் உருளையை விற்க வேண்டும்.

வெயிலும் குளிரும்

ஓதத்துக்கு அடுத்த எதிரி தில்லியின் வானிலை. சஃப்தர்ஜங்கில் 1944 மே 29ஆம் தேதி வெப்பம் 47.2 டிகிரி. 1935 ஜனவரி 16ஆம் தேதி குளிர், பூஜ்யத்துக்கும் கீழே 0.6 டிகிரி. ஒவ்வொரு ஆண்டும் இவ்வளவு போகாது. ஆனாலும் ஒரே அறை ஜனவரியில் நடுங்கும், மே மாதத்தில் கொதிக்கும். சென்னையில் இவ்வளவு வித்தியாசம் இல்லை.

சூட்டில் வினைல் நீளும். குளிரில் சுருங்கும். பழைய ரயில் தண்டவாளத்தில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தடக் தடக் என்ற சத்தம் அதனால்தான் வந்தது. வெயிலில் இரும்பு நீள இடம் வேண்டும் என்று விட்ட இடைவெளி அது. வினைல் இரும்பைவிடப் பல மடங்கு அதிகமாக நீளும். 12 அடி அறையில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் வரைகூட வித்தியாசம் வரலாம். விரிப்பின் வகையைப் பொறுத்து இது கூடும், குறையும். சுவரோடு சுவர் இறுக்கமாக வெட்டிப் போட்டால், நீண்ட விரிப்பு எங்கே போகும்? நடுவில் எழும்பும். அதைத்தான் கொப்புளம் என்று ஊசியால் குத்துகிறார்கள்.

ஆகவே சுவர் ஓரத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். இரண்டு தீக்குச்சியைச் சேர்த்து வைத்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருந்தால் மேலே மரப்பட்டி வைத்து மறைக்கலாம். பட்டியைச் சுவரில் அடிக்க வேண்டும். விரிப்போடு சேர்த்து அடித்தால் இடைவெளி விட்டே பயனில்லை. ஒட்டாமல் விரித்த விரிப்பின் ஒரு முனையில் இரும்பு பீரோ, மறு முனையில் கட்டில் என்று வைத்தாலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் ஆணி அடித்தது போல ஆகிவிடும்.

வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் ஒரு திரை போடுவது நல்லது. குளிர்காலத்தில் கம்பி ஹீட்டரை விரிப்புக்கு அருகில் வைக்கக் கூடாது. அந்த இடம் இளகி நெளியும். கோடையில் கூலர். தில்லியில் கூலர் இல்லாத கோடை ஏது? ஜன்னலில் வைத்த கூலரிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, விரிப்பின் அடியில் புகும். பானையிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படியே. எங்கே விரிப்பு முதலில் தூக்குகிறது என்று பார்த்தால், மேலே கூலரோ பானையோ இருக்கும்.

இரண்டு வகைத் துடைப்பு

தமிழ் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவது வழக்கம். சிமெண்டுக்கும் மொசைக்குக்கும் அது சரி. வினைலுக்குச் சரியில்லை. ஊற்றிய தண்ணீர் ஓரத்திலும் இணைப்பிலும் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஏறி வராது. ‘மாமி, தரையைக் கழுவாமல் எப்படிக் கோலம் போடுவது?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. வாசலைக் கழுவலாம். உள்ளே துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். துடைத்த ஈரம் இரண்டு நிமிடத்தில் காய வேண்டும். அதுதான் அளவு.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் பளபளக்கும் என்று சிலர் சொல்வார்கள். மண்ணெண்ணெய் பசையை இளக்கும். ஆசிடும் வேண்டாம்.

ஆபரேஷன் அறையில் இந்த வினைல் விரிப்பைத்தான் பல ஆஸ்பத்திரிகளில் போடுகிறார்கள். அங்கே தினமும் மருந்து நீரால் துடைக்க வேண்டும். ஆகவே விரிப்பைச் சுவரோரத்தில் வெட்டுவதில்லை. மடக்கி, சுவரில் சில அங்குலம் மேலே ஏற்றிவிடுவார்கள். இணைப்புகளை அதே பொருளால் சூடு வைத்து ஒன்றாக உருக்கிவிடுவார்கள். தண்ணீர் புக வழியே இல்லை. வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஆனால் தத்துவம் ஒன்றுதான். தண்ணீருக்கு வாசல் வைக்கக் கூடாது.

போடும்போது

வேலைக்கு நல்ல மாதம் அக்டோபர், நவம்பர். அல்லது பிப்ரவரி கடைசி, மார்ச். அதிகச் சூடும் இல்லை, அதிகக் குளிரும் இல்லை, மழையும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் வீட்டைச் சரிசெய்யும் வழக்கம் இதற்கும் பொருந்தி வருகிறது.

வாங்கும்போது அறையின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய விரிப்பு விலை குறைவு. அதை ஒட்டினால் அடியில் கிடக்கும் ஒரு மணல்கூட மேலே பரு போலத் தெரியும். ஒட்டுவதென்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. வினைல் தரையை எப்படிப் போடவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அலுவலகம் தனிக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. ஐ.எஸ். 5318 என்பது அதன் எண். அலுவலகம் இருப்பதும் தில்லியில், பஹதூர் ஷா ஜஃபர் மார்க்கில்தான்.

உருளையை வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே ஒட்டக் கூடாது. அதே அறையில் பிரித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ படுக்க வைக்க வேண்டும். சுருண்டே கிடந்த விரிப்புக்குச் சுருளும் புத்தி இருக்கும். அது நிமிர வேண்டும். அறையின் சூடும் அதற்குப் பழக வேண்டும். பிறகுதான் வெட்ட வேண்டும்.

அதற்குள் தரையைத் தயார் செய்யலாம். வெடிப்பை அடைக்க வேண்டும். மேட்டைத் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டு, எண்ணெய், மெழுகு எதுவும் இருக்கக் கூடாது. கடைசியாகத் தூசி. தில்லித் தூசி லேசுப்பட்டதல்ல. காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடி ஒரு படலம் இருக்கும். ஒட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் பெருக்கி, லேசான ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். தூசிமேல் தடவிய பசை தூசியோடுதான் ஒட்டும். தரையோடு ஒட்டாது.

மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. அந்தப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் போனால்தான் அது இறுகும். கெட்டித் தரைக்கும் வினைலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் எளிதில் போகாது. பின்னால் ஈரம் பட்டாலும் இளகும். தரை விரிப்புக்கென்றே விற்கும் பசையைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாக ரப்பர் பசை கிடைக்கும். அதைத் தரையிலும் விரிப்பின் முதுகிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். உடனே சேர்க்கக் கூடாது. டப்பாவில் எழுதியுள்ள நேரம் காத்திருக்க வேண்டும். விரல் வைத்தால் பசை விரலில் வராத பதம்தான் சரியான பதம். பிறகு ஒரு பக்கத்திலிருந்து இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி அழுத்த வேண்டும். இதற்கு உருளை விற்கிறார்கள். சின்ன அறைக்குச் சப்பாத்திக் கட்டை போதும்.

இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை இரண்டு அங்குலம் ஏற்றி வைத்து, இரும்பு அளவுகோலை வைத்து, இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டலாம். வாய் சரியாகப் பொருந்தும். அந்த இணைப்பு வாசலுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலில் முடியும் ஓரத்துக்கு அலுமினியப் பட்டி அடித்துவிட்டால், எல்லோருடைய காலும் படுகிற அந்த ஓரம் தூக்காது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1926இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் வால்டோ செமன் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை கண்டுபிடிக்க முயன்றார். யாருக்கும் வேண்டாமல் கிடந்த பி.வி.சி.யை ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. வளையும் வினைல் கிடைத்தது. பசை தேடியவர் கையில் கிடைத்த பொருளுக்கு, இன்று உலகமே பசை தேடுகிறது.

தீ ஜாக்கிரதை

ரப்பர் பசையில் எளிதில் தீப்பிடிக்கும் திரவம் இருக்கிறது. டப்பாவில் தீச்சுடர் படம் போட்டிருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். அங்கே காஸ் அடுப்பு எரிந்தால் போதும்.

ஆகவே வேலை நடக்கும்போது அடுப்பு வேண்டாம். சாமி விளக்கு வேண்டாம். ஊதுபத்தி வேண்டாம். பீடி வேண்டவே வேண்டாம். தில்லிக் குளிரில் அங்கீட்டி என்னும் கரி அடுப்பை அறைக்குள் வைப்பார்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பதே உயிருக்கு ஆபத்து. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதன் புகையில் உயிர் போகிறது. பசை தடவிய அறையில் வைத்தால் இரண்டு ஆபத்து. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தலை சுற்றினால் வெளியே வந்துவிட வேண்டும். குளிருகிறது என்று ஜன்னலை மூடி ஒட்டுகிறவர்கள் உண்டு. டிசம்பரில் இந்த வேலை வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலை தூக்கிவிட்டால்

முதலில் அடியில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் காய வேண்டும். ஒரு செங்கல்லை வைத்து மூலையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு மூன்று நாள் விசிறிக் காற்றுப் படவைக்கலாம். அதுவரை அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவைத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

காய்ந்த பிறகு பழைய பசையையும் மண்ணையும் தகட்டால் சுரண்ட வேண்டும். விறைத்துப்போன மூலையின்மேல் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி ஒரு நொடியாக வைத்து எடுத்தால் அது இளகும். அதிகச் சூடு ஆகாது, உருகிவிடும். பசை தடவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அணைத்து, தூரத்தில் வைத்துவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறக்க வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு பலகையும் அதன்மேல் ஒரு அரிசி மூட்டையும் ஒரு நாள் முழுக்க இருக்கட்டும்.

நடுவில் எழும்பிய கொப்புளத்துக்கு வேறு வைத்தியம். பூவேலையின் கோட்டை ஒட்டி பிளேடால் சின்னதாகக் கீறலாம். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக்குழாயால் பசையை உள்ளே விட்டு, அழுத்தி, பாரம் வைக்கலாம். அதே கொப்புளம் மறுபடி எழும்பினால் கீறுவதை நிறுத்திவிட வேண்டும். அது காற்று இல்லை, ஓதம். பிளாஸ்டிக் தாள் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

பழைய கட்டடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்காலத்தில் வினைலோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சேர்த்துக் கெட்டியான சதுர ஓடு செய்தார்கள். அதற்கென்று ஐ.எஸ். 3461 என்று ஒரு தரமே வகுத்திருந்தார்கள். அந்த நார் தூசியாக மூச்சில் போனால் பல ஆண்டு கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம். தரையில் பழைய கெட்டியான சதுர ஓடு இருந்தால் அதை உடைக்க வேண்டாம். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். உறுதியாக இருந்தால் அதன்மேலேயே புது விரிப்பைப் போட்டுவிடலாம்.

வெட்டி மீந்த துண்டுகளைக் குளிர்காயும் நெருப்பில் போடக் கூடாது. வினைல் எரிந்தால் ஆசிட் புகை வரும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பெரிய துண்டாக ஒன்றை மட்டும் எடுத்துவைக்கலாம். மடிக்காமல் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் நிறுத்தலாம். என்றாவது ஒரு இடம் கிழிந்தால் ஒட்டுப்போட அதே நிறம் கடையில் கிடைக்காது. அந்தத் துண்டின் முதுகில் பேனாவால் மூன்று வரி எழுதிவைக்க வேண்டும். போட்ட தேதி. அறையின் நீள அகலம். ஒட்டிய பசையின் பெயர்.